நாம் நிற்கும் இடம், நாம் கேட்கும் கணக்கு

அடுப்படியில் நிற்கிறவளுக்குத்தான் அரிசிப் பானையின் அடி தெரியும். பஸ் ஸ்டாப் விஷயமும் அப்படித்தான்! எங்கே நிழல் வேண்டும், எங்கே விளக்கு வேண்டும் என்பது அங்கே காத்து நிற்கிறவர்களுக்குத்தானே தெரியும்?

எங்கள் வீடு திண்டிவனத்தில். மாதம் ஒரு தடவை மாமியாரை விழுப்புரம் பஸ்ஸில் முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். வயது 72. சர்க்கரை வேறு. கிளம்புகிற அன்று காலையிலிருந்தே, "தண்ணி வேண்டாம்மா" என்று பிடிவாதம். வழியில் எங்கே ஒதுங்குவது என்ற பயம்! போன சித்திரையில் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக நாலு நாள் படுத்து விட்டார். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "பாட்டி தண்ணி குடிக்கிறாங்களா?" என்பதுதான்.

சகோதரிகளே, நம்மில் எத்தனை பேர் இப்படி வாயைக் கட்டிக்கொண்டு பிரயாணம் செய்கிறோம்!

இந்த வசதிகளை யார் செய்து தர வேண்டும்? கல்லூரியில் படிக்கும் என் பெண் விவரம் சொன்னாள். 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் விடத்தக்க 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டிருக்கிறதாம். தெருவிளக்கு, பஸ் நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் எல்லாம் அதில் ஒரே வரியில் வருகின்றன! பஞ்சாயத்துகளுக்கு உள்ள 29 இனங்களில் சாலையும் சிறு பாலமும் உண்டு.

ஆனால் பஸ் மாநிலப் போக்குவரத்துக் கழகத்துடையது. தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசுடையது. பூட்டு ஒன்று, சாவி மூன்று பேரிடம் என்றால் கதவு எப்படித் திறக்கும்? பொறுப்பைக் கொடுத்தவர்கள் அதற்கான பணத்தையும் ஊர் கையில் கொடுக்க வேண்டாமா?

பக்கத்துக் கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கினார்கள். மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, எதற்குச் செலவழிப்பது என்று ஊர்க் கூட்டத்திலேயே பேச வைத்தார்கள். நம் பக்கத்திலும் 'நமக்கு நாமே' திட்டம் வந்தது. ஊரார் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். நல்ல யோசனைதான். ஆனால் வசதியுள்ள தெரு உடனே பணம் கட்டி விடும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் தெரு என்ன செய்யும்? ஆகவே, இல்லாத இடத்துக்கு முதலில் என்ற நியாயமும் கூடவே வேண்டும்.

உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் செய்தார்கள். நாற்காலி கிடைத்தால் போதுமா? எதிரே உட்கார்ந்து கேட்கவும் நாம் போக வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அன்று சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு நாலு பெண்களாகச் சேர்ந்து போங்கள். எந்த ஸ்டாப்பில் என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். டவுன்காரர்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுக்கலாம். அடுத்த கூட்டத்தில், "எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று?" என்று கேளுங்கள். மளிகைக் கடைக்காரரிடம் நாலணா விடாமல் கணக்குக் கேட்கிற நமக்கு இது பெரிய காரியமா?

அதுவரை ஒன்று: பிரயாணம் என்பதற்காகத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகவாவது குடியுங்கள்.