'நமக்கெதுக்குடி வம்பு?' அரசு இணையதளத்தில் ஓட்டையைப் பார்த்தால் சொல்லலாமா, கூடாதா?

பழவேற்காடு ஏரியில் ஒருவருடைய வலை கிழிந்திருப்பதைப் பக்கத்துப் படகுக்காரர் பார்த்தால், "அண்ணே, வலை கிழிஞ்சிருக்கு பாரு" என்று குரல் கொடுப்பார். அவ்வளவுதான் விஷயம். 'என் வலையை நீ எதுக்குப் பார்த்தே?' என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. அதே ஏரிக்கரையைச் சேர்ந்த ஒரு கல்லூரிப் பெண், அரசு இணையதளம் ஒன்றில் ஒரு கிழிசலைப் பார்த்துவிட்டு அதிகாரிகளிடம் சொன்னால் என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் இன்னும் தெளிவான பதில் இல்லை.

காட்டூரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா மீன்பிடித் தொழில். அம்மா இறாலும் நண்டும் வாங்கி விற்கிறார். மகள் பொன்னேரியில் கல்லூரியில் படிக்கிறாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணத் தொகை 8,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அம்மா கேட்க, மகள் போனில் பார்க்கிறாள். மேலே நீளமான இணைய முகவரி. அதன் கடைசியில் விண்ணப்ப எண். கை தவறி ஓர் இலக்கம் மாறிவிட, திரையில் வேறு யாரோ ஒருவருடைய பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாம் வந்து நிற்கிறது.

"அம்மா, இது வேற யாரோடதோ காட்டுது. எண்ணை மாத்தினா எல்லார்தும் வரும் போலிருக்கு. இதைச் சொல்லணும்மா."

"யார்கிட்ட போய் சொல்லுவே? நீதான் எடுத்தேன்னு உன் மேலயே திருப்புவாங்க. நமக்கெதுக்குடி வம்பு? மூடி வை."

(இது கற்பனைக் காட்சி. நிவாரணத் திட்டத்தின் தளத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பதாக இங்கே சொல்லவில்லை. ஆனால் இதே வகை ஓட்டை நிஜத்தில் எங்கே இருந்தது என்பது கீழே வருகிறது.)

அந்த அம்மாவைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட முடியாது. அவருடைய பயத்துக்கு இந்த நாட்டில் முன்னுதாரணம் உண்டு.

2018 ஜனவரி முதல் வாரம். சண்டிகரிலிருந்து வெளிவரும் 'தி ட்ரிப்யூன்' நாளிதழில் ரச்னா கைரா என்ற நிருபர் ஒரு செய்தி எழுதினார். வாட்ஸ்அப்பில் ஓர் ஏஜென்ட்டைப் பிடித்து, 500 ரூபாய் அனுப்பி, பத்தே நிமிடத்தில் ஒரு லாகின் ஐ.டி-யும் பாஸ்வேர்டும் வாங்கியிருந்தார். அதை வைத்து எந்த ஆதார் எண்ணைப் போட்டாலும் அதற்குரியவரின் பெயர், முகவரி, புகைப்படம், போன் நம்பர் வந்தன. இன்னும் 300 ரூபாய் கொடுத்தபோது ஆதார் அட்டையை அச்சடிக்கும் சாஃப்ட்வேரும் கிடைத்தது. செய்தி வந்ததும் நாடே அதிர்ந்தது. ஆதார் ஆணையம், தகவல் எதுவும் கசியவில்லை என்று மறுத்தது. அடுத்ததாக ஆணையம் கொடுத்த புகாரில் டெல்லி போலீஸ் எஃப்.ஐ.ஆர் பதிவு செய்தது. லாகின் விற்றவர்களோடு சேர்த்து, அதை அம்பலப்படுத்திய நிருபரின் பெயரும் அதில் இருந்தது.

எடிட்டர்ஸ் கில்டு கண்டித்தது. அரசு பத்திரிகை சுதந்திரத்தை மதிப்பதாக அப்போதைய மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் விளக்கம் சொன்னார். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. செய்தி வந்த சில நாள்களிலேயே, ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய 16 இலக்க 'விர்ச்சுவல் ஐ.டி' முறையை ஆணையம் அறிவித்தது. ஒரு கையால் எஃப்.ஐ.ஆர், மறுகையால் புதுப் பூட்டு!

அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு நடந்தது இன்னும் கடுமையானது. ஹைதராபாத்தைச் சேர்ந்த தொழில்நுட்ப வல்லுநர் ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தைச் சேர்ந்த ராப் கோங்ரிப் ஆகியோருடன் சேர்ந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றில் எப்படித் தில்லுமுல்லு செய்ய முடியும் என்று 2010-ல் செய்து காட்டினார். அந்த இயந்திரத்தை யார் கொடுத்தார்கள் என்று போலீஸ் கேட்டது. கொடுத்தவர் பெயரை அவர் சொல்லவில்லை. ஆகஸ்ட் 21-ம் தேதி வீட்டிலேயே கைது செய்து மும்பைக்குக் கொண்டுபோனார்கள். வழக்கு, இயந்திரம் திருடப்பட்டது பற்றியது. ஒரு வாரம் கழித்துத்தான் ஜாமீன் கிடைத்தது. இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் 'எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன்' என்ற அமெரிக்க அமைப்பு அதே ஆண்டு அவருக்கு விருது கொடுத்தது.

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள்ளோ நெட்வொர்க்குக்குள்ளோ நுழைந்தால் இழப்பீடு கேட்கலாம் என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு அல்லது மோசடியாகச் செய்தால் 66-வது பிரிவின் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். காட்டூர்ப் பெண்ணுக்கு மோசடி நோக்கம் எதுவும் இல்லையே, அப்புறம் என்ன பயம் என்று தோன்றலாம். நோக்கம் இல்லை என்பது நிரூபணமாக வேண்டிய இடம் நீதிமன்றம். அதற்கு முன்னால் விசாரணை, போனையும் லேப்டாப்பையும் பறிமுதல் செய்வது, வக்கீல் செலவு, காலேஜில் கேள்வி, ஊரில் பேச்சு என்று பல படிகள் இருக்கின்றன. வெளியூர் விசாரணைக்கு ஒரு நாள் போய்வந்தாலே அன்றைய வியாபாரம் போச்சு. விடுதலையாகி வந்தாலும் அந்த நாள்களைத் திருப்பிக் கொடுப்பவர் இல்லை.

70-வது பிரிவு இன்னும் காரமானது. அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்த கம்ப்யூட்டர்களில் அனுமதியின்றி நுழைந்தால், நுழைய முயன்றாலேகூட, 10 ஆண்டுகள் வரை சிறை. ஆதாரின் மையத் தரவுக் களஞ்சியம் 2015 டிசம்பரில் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆதார் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. உங்கள் ஆதார் விவரம் கசிந்தாலும் அந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆணையம் புகார் கொடுத்தால்தான் வழக்கு நிற்கும். 2018-ல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பிறகு, 2019-ல்தான் அது திருத்தப்பட்டது. அதே திருத்தத்தில், களஞ்சியத்துக்குள் அத்துமீறி நுழைவதற்கான தண்டனையை 3 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்த்தியும்விட்டார்கள்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைப் பத்திரமாக வைக்கத் தவறுகிறவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. நல்லதுதான். ஆனால், 'இங்கே பத்திரமாக இல்லை' என்று நல்லெண்ணத்தோடு வந்து சொல்கிறவரைப் பாதுகாக்க ஒரு பிரிவு அதில் இல்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2021 அக்டோபரில் ஒரு பத்திரிகையின் நிருபர், மாநிலக் கல்வித்துறை இணையதளத்தில் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் வெளியே தெரிவதைப் பார்த்தார். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பிரவுசரில் யாரும் திறந்து பார்க்கக்கூடிய பக்கக் குறியீட்டிலேயே அந்த எண்கள் கிடந்தன. துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் அதைச் சரிசெய்யும்வரை பத்திரிகை செய்தியை வெளியிடாமல் காத்திருந்தது. மாநில ஆளுநர் மைக் பார்சன் என்ன செய்தார் தெரியுமா? நிருபரை ஹேக்கர் என்று சொல்லி, வழக்கு பாயும் என்றார். நான்கு மாதங்கள் கழித்து அரசு வழக்கறிஞர் வழக்கு போடப்போவதில்லை என்று முடித்துவைத்தார்.

ஆனால் அங்கெல்லாம் அதற்குப் பிறகு சில கதவுகள் திறந்தன. 2022 மே மாதம் அமெரிக்க நீதித்துறை, நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு ஆராய்ச்சி செய்கிறவர்கள் மீது குற்றவழக்கு தொடுப்பதில்லை என்று கொள்கை அறிவித்தது. பெல்ஜியத்தில் 2023-ல் சட்டமே நடைமுறைக்கு வந்துவிட்டது. தேவைக்கு மேல் எதையும் தொடாமல், உடனே அரசின் சைபர் பாதுகாப்பு மையத்துக்குச் சொல்பவருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு.

இனி, முன்பு சொன்ன அந்த நிஜ ஓட்டை. காட்டூரிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம், தாம்பரம்தான். 2021-ல் அங்கே பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவர் ஒருவர், ரயில் டிக்கெட் போட ஐ.ஆர்.சி.டி.சி தளத்துக்குப் போனார். பரிவர்த்தனை எண்ணை மாற்றினால் வேறு பயணிகளின் பெயர், வயது, பி.என்.ஆர், பயண விவரம் எல்லாம் வருவதைக் கவனித்தார். அவர்கள் டிக்கெட்டை ரத்துசெய்யவும் முடியும் என்று தெரிந்தது. ஆகஸ்ட் 30-ம் தேதி 'செர்ட்-இன்' எனப்படும் மத்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்புக்கு எழுதினார். சில நாள்களிலேயே ஓட்டை அடைக்கப்பட்டது. கேஸ் இல்லை, கைது இல்லை. கற்பனைப் பெண்ணின் ஓட்டையும் இதுவும் ஒரே ரகம்தான். எண்ணை மாற்றினால் அடுத்தவர் கதவு திறக்கும்.

ஆக, முறையாகச் சொன்னால் கேட்கிற ஆள்களும் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், தாம்பரத்துப் பையனுக்குக் கிடைத்தது நல்ல அதிகாரி. சட்டப்படியான உரிமை அல்ல. தகவல் சொல்லும் நடைமுறை ஒன்றை செர்ட்-இன் வைத்திருக்கிறது. ஆனால் அது வழக்கிலிருந்து விலக்கு தரும் சட்டம் ஆகாது.

தனியார் நிறுவனங்கள் இதில் எப்போதோ முந்திவிட்டன. தமிழ்நாட்டு இளைஞர் லக்ஷ்மண் முத்தையா, இன்ஸ்டாகிராம் கணக்கை அடுத்தவர் கைப்பற்ற வழிசெய்யும் ஓட்டையைச் சொன்னதற்கு 2019-ல் ஃபேஸ்புக் 30,000 டாலர் கொடுத்தது. 2021-ல் மைக்ரோசாஃப்ட் 50,000 டாலர் கொடுத்தது. இன்ஸ்டாகிராமில் நம்பிக்கை போனால் கணக்கை மூடிவிட்டுப் போகலாம். ரேஷன் கடையை அப்படி மூடிவிட்டுப் போக முடியுமா?

இந்த விஷயத்தின் மையமே அங்கேதான் இருக்கிறது. ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டும். இறாலும் மீனும் ஆய்ந்து தேய்ந்த விரலை மெஷின் ஏற்கும்வரை வைத்து வைத்துப் பார்க்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகைக்கு ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, போன் நம்பர் எல்லாம் கொடுத்தாக வேண்டும். தடைக்கால நிவாரணமும் வங்கிக் கணக்கு வழியாகத்தான். தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்த சுமார் 49 லட்சம் பேரின் விவரங்கள் ஹேக்கர்கள் புழங்கும் இடத்தில் கிடப்பதாக 2021-ல் ஒரு தனியார் சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. இப்படிப்பட்ட விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க உரிமைத்தொகை நின்னுபோச்சும்மா, ஓ.டி.பி சொல்லுங்க" என்று ஒருவன் போன் செய்தால் நம்பாமல் இருப்பது கஷ்டம். பெயர், கார்டு எண் எல்லாம் சரியாகச் சொல்கிறானே! ஓட்டையைப் பார்த்தவர் பயந்து வாயை மூடிக்கொண்டாலும், திருடன் அதைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் செய்வான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி எதையாவது பார்த்துவிட்டு வந்து நின்றால், முதலில் திட்டாதீர்கள். அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். 'நிஜமாகவே எல்லார் விவரமும் வருதா' என்று பத்து எண்களை மாற்றிப் பார்ப்பதுதான் ஆபத்து. வழக்கு என்று வந்தால் முதல் எண் தற்செயல், மற்ற பத்தும் முயற்சி. எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ நண்பர்கள் குரூப்பிலோ போடவே வேண்டாம். என்ன செய்தபோது என்ன வந்தது, எத்தனை மணிக்கு என்பதை அன்றைக்கே எழுதிவைத்து, அடுத்தவர் விவரத்தை மறைத்துவிட்டு, செர்ட்-இன்னுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். 'சரிசெய்தால் எனக்கு என்ன தருவீர்கள்' என்ற தொனி வரக் கூடாது. மிரட்டலாகப் படிக்கப்பட அது ஒன்றே போதும். ஆதார் சம்பந்தப்பட்டது என்றால், அனுப்பும் முன் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. விவரம் கசிந்து பணமே போய்விட்டதென்றால் அது வேறு கதை. தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

ஆதார் ஆணையமும் 2022 ஜூலையில், ஓட்டைகளைக் கண்டுபிடிக்க 20 நிபுணர்களைத் தேர்ந்தெடுக்கப்போவதாக அறிவித்தது. ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்கான சர்வதேசத் தரவரிசைகளில் முதல் 100 இடங்களுக்குள் இருப்பது போன்ற தகுதிகளைக் கேட்டது. பொன்னேரி பஸ்ஸில் காலேஜுக்குப் போய்வரும் பெண்ணுக்கு அதில் இடமில்லை.

அப்படிப்பட்ட பெண்களிடமிருந்து ஆண்டுக்கு எத்தனை தகவல்கள் வருகின்றன, எத்தனை ஓட்டைகள் அடைக்கப்பட்டன, சொன்னவர்கள் யார் மீதாவது வழக்கு போடப்பட்டதா என்று செர்ட்-இன்னிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாமே என்று நினைத்தால், அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. ஊழல், மனித உரிமை மீறல் தொடர்பான கேள்விகள் தவிர மற்றவற்றுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று 2023 நவம்பரில் அந்த அமைப்புக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள்.