மூன்றாம் வகுப்பும் ஒரு பூஜ்ஜியமும்

தொடக்கப் பள்ளியின் ஐந்து வகுப்புகளில் நடுவே நிற்கும் மூன்றாம் வகுப்புக்கென்று விசேஷமாக ஒன்றும் இல்லை என்பது ஊரார் பலருடைய அபிப்பிராயம். முதல் வகுப்பென்றால் புதுப் பையும் வாசலில் அழுகையும் உண்டு. ஐந்தாம் வகுப்பென்றால் அடுத்து எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கவலை பெற்றோரைப் பிடித்துக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் இடையில், பிள்ளை தானாகவே வளர்ந்துகொண்டு போகும் ஆண்டுகளுள் ஒன்றாக மூன்றாம் வகுப்பைக் கருதிவிடுகிறார்கள். என் பணி நிறைவு விழாவில் வாழ்த்திப் பேச வந்த பெரிய மனிதர் ஒருவர், "டீச்சருக்கு இருந்த திறமைக்கு ஹைஸ்கூலுக்கே போயிருக்கலாம், மூணாங் கிளாசிலேயே காலத்தைக் கழிச்சுட்டாங்க" என்று அநுதாபத்தோடு சொல்லி அமர்ந்தார். மூன்றாம் வகுப்பு எனக்கு வந்து வாய்த்ததன்று. ஒவ்வொரு ஜூன் மாதமும் நானே கேட்டு வாங்கிக்கொண்டது. அதற்குரிய காரணங்களை அந்த மேடையில் சொல்ல அவகாசம் கிடைக்காமையால் இங்கே எழுதுகிறேன். எட்டு வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் தாய் தந்தையருக்கு இது பிரயோஜனப்படும் என்ற நம்பிக்கையும் எனக்கு உண்டு.

நாட்டின் கல்வியை அளந்து பார்க்கப் புறப்பட்டவர்கள் பலரும் வந்து நிற்கும் இடம் மூன்றாம் வகுப்புத்தான் என்பதை முதலில் நினைவூட்ட வேண்டும். தேசிய அடைவுத் தேர்வு 2021 நவம்பரில் நடந்தபோது, அது தொடங்கிய வகுப்பு மூன்று. 2022 மார்ச்சில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனத்தார் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மாத்திரமே எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராக எதிரில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லியும் கணக்குக் கேட்டும் பார்த்தது. கிராமப்புறங்களில் நடக்கும் அசர் ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்க வல்ல மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் நாடு முழுவதும் நூற்றுக்கு 27 பேராக இருந்து, பள்ளிகள் பூட்டிக் கிடந்த பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின், 2022-இல் சுமார் 20 பேராகக் குறைந்துவிட்டார்கள். அளவுகோலை அந்த இடத்தில் வைக்கிறார்கள் என்றால், ஏதோ ஒன்று அங்கே நிலைபெற வேண்டும் அல்லது நழுவிப்போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள்?

அந்த ஆண்டில் பிள்ளைக்கு என்னென்ன நேரும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பு வரையில் சூழ்நிலையியல் என்று ஒரே புத்தகமாக இருந்தது, நம் மாநிலத்தில் மூன்றாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகப் பிரியும். பையின் கனமும் கூடும். முன்னெல்லாம் மூன்றாம் வகுப்புப் பூகோளம் என்றால் அவரவர் மாவட்டந்தான். மாவட்டத்துக்கொரு புத்தகம் அச்சிட்டுக் கொடுத்தார்கள். தன் ஊர் ஆறும் தன் ஊர்ச் சந்தையும் அச்செழுத்தில் வரக் கண்ட பிள்ளைக்கு, புத்தகம் என்பது தன்னைப் பற்றியதுங்கூட என்ற எண்ணம் உண்டாகும். அவ்வெண்ணத்துக்கு ஈடாக ஒன்றை நான் பின்னால் வந்த புத்தகங்களில் காணவில்லை.

வாசிப்பிலும் ஒரு மாறுதல் நிகழும். இரண்டாம் வகுப்பில் பாடத்தை மளமளவென்று சொன்ன பிள்ளைகளுள் சிலர், படத்தைப் பார்த்து ஞாபகத்திலிருந்து ஒப்பித்தவர்கள் என்பது மூன்றாம் வகுப்புப் பாடத்தின் நீளம் வந்தவுடன் வெளிப்பட்டுவிடும். சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து நீண்டு வரும். 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பது ஒரே மூச்சில் படிக்க வேண்டிய ஒரே சொல். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் நிமிஷத்துக்கு 60 சொற்களாவது பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்று 2021-இல் வந்த நிபுண் பாரத் திட்டம் இலக்கு வகுத்தது; மூன்றெழுத்துச் சொற்களாலான மொழியில் 60 என்பதும், விகுதிமேல் விகுதி ஏறி நிற்கும் தமிழில் 60 என்பதும் ஒன்றாகா. கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையின் முன் உட்கார வேண்டாம். படித்து முடித்தபின், "அவன் ஏன் திரும்பி வந்தான்?" என்று கதையிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள், அதற்குப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் பதில் சொன்னால் வாசிப்பு வந்துவிட்டது. ரகர றகரமும், லகர ளகர ழகரமும் சொல்வதெழுதுதலில் இன்னும் இடறும். நாள்தோறும் ஐந்து சொற்கள் என்று கிரமமாக எழுதிவந்தால் அந்தக் குறை தீரும். ஆகையால் அதற்காகப் பிள்ளையை அடிப்பது அநியாயம்.

இரண்டாம் பருவம் தொடங்கும்போது, அதாவது காலாண்டு விடுமுறை முடிந்த பின், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையே பின்தங்கிவிட்டதுபோலத் தோன்றும். நாற்றங்காலில் செழித்திருந்த நாற்றைப் பறித்து வயலில் நட்டால் சில நாள் மஞ்சளித்து நின்று, வேர் ஊன்றிய பிறகுதான் பச்சை பிடிக்கிறது, பிள்ளையும் அப்படியே. இந்தச் சமயத்தில்தான் பெற்றோர் பதறிப்போய் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பதற்றத்துக்கு மூலகாரணமாயிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கணக்கு. அதைப் பற்றிச் சொல்லவே முக்கியமாக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

304-இலிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். ஒன்றுகள் இடத்தில் நான்கு. அதிலிருந்து எட்டுப் போகாது. பக்கத்து வீட்டில் கேட்கலாமென்றால் அங்கே பூஜ்ஜியம். நடுவில் நிற்கும் அந்தப் பூஜ்ஜியத்தின் முன்னால், கூட்டலில் சூரர்களாயிருந்த பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகுப்பிலேயே இனமாற்றக் கழித்தல் வந்துவிட்டதே, இதில் என்ன புதிது என்று மேல்வகுப்பு ஆசிரியர்கள் கேட்பார்கள். அங்கே பத்துகளின் வீட்டில் எப்போதும் ஏதாவது இருந்தது. இங்கே இல்லாத வீட்டின் வழியாக அதற்கப்பால் உள்ள வீட்டுக்குப் போய், நூற்றைப் பத்துப் பத்துகளாக உடைத்து, அவற்றுள் ஒன்பதை வழியிலேயே வைத்துவிட்டு, ஒன்றை மாத்திரம் எடுத்து வந்து பத்து ஒன்றுகளாக உடைக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் மனத்துக்கு இது பெரிய யாத்திரை.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் பேராசிரியர் எவரும் அல்லர். நான் முதன்முதல் வேலைக்குச் சேர்ந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் தலைமையாசிரியர். வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக வரும் அவர், தென்னை ஈர்க்கைச் சமநீளமாக நறுக்கி, பத்துப் பத்தாக வாழைநாரால் கட்டி, அப்படிப்பட்ட பத்துக் கட்டுகளைச் சேர்த்துப் பெருங்கட்டாகக் கட்டி, அலமாரியில் அடுக்கிவைத்திருப்பார். ஆணிமணிச் சட்டம் பள்ளியில் இருந்தது. ஆனால் இந்தக் கணக்குக்கு அதை அவர் தொடவிடமாட்டார். சட்டத்தில் நூறுக்கும் ஒரு மணி, பத்துக்கும் ஒரு மணி; நூறு உடைந்து பத்தாவதைப் பிள்ளை அங்கே கண்ணால் காண்பதில்லை, ஆசிரியர் சொல்வதை நம்புகிறது என்பது அவருடைய வாதம். பெருங்கட்டின் நாரைப் பிள்ளை தன் கையால் அவிழ்த்து, பத்துக் கட்டுகளைத் தரையில் பரப்பி, ஒரு கட்டை எடுத்து அதன் நாரையும் அவிழ்த்து, "ரெண்டு நூறு, ஒன்பது பத்து, பதினாலு ஒண்ணு, மொத்தம் இப்பவும் முன்னூத்து நாலுதான்" என்று தன் வாயால் சொல்லும் வரையில் நோட்டைத் திறக்க அனுமதி இல்லை. மறுபடி கட்டிவைக்கும் பொறுப்பும் பிள்ளையுடையதே. அவிழ்த்ததைக் கட்டத் தெரியாதவனுக்குக் கழித்தல் தெரியாது என்பார்.

பிள்ளைகள் போன பிறகு, அன்றைக்கு வந்த தவறான விடைகளுள் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, எங்களை நிற்கவைத்துக் கேட்பார்: "விடையைத் திருத்துறது அப்புறம் இருக்கட்டும்மா. இந்தப் பிள்ளை என்ன நினைச்சுது, அதைச் சொல்லுங்க." இந்தக் கேள்வியே என் தொழில் முழுவதற்கும் ஆதாரமாயிற்று. மேற்சொன்ன கணக்குக்குச் சரியான விடை 126. ஒரு பிள்ளை 274 என்று எழுதினால், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறது. மேலே இருக்கும் எண், கீழே இருக்கும் எண் என்ற பேதமே அதற்கு இன்னும் படவில்லை. 136 என்று எழுதினால், நூற்றை உடைத்தது சரி, ஆனால் வழியில் ஒன்பதை வைப்பதற்குப் பதிலாகப் பத்தையும் வைத்துவிட்டது. 226 என்று எழுதினால், நூறுகள் வீட்டிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு, அங்கே குறைக்க மறந்தது. மூன்றும் தவறு, ஆயினும் மூன்றும் மூன்று வெவ்வேறு பிள்ளைகள், மூன்று வெவ்வேறு வைத்தியங்கள். 274 எழுதிய பிள்ளைக்கு ஈர்க்குக் கட்டு முழுவதும் முதலிலிருந்து வேண்டும். 226 எழுதிய பிள்ளைக்கு, எடுத்த இடத்தில் குறித்துக்கொள் என்ற ஒரு வார்த்தை போதும். இம்மூன்றின் மேலும் ஒரே மாதிரி சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுகிறவர் எவ்வளவு படித்திருந்தாலும் அவரை மூன்றாம் வகுப்பு ஆசிரியர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வீட்டாருக்கு இங்கே ஒரு வேண்டுகோள். பிள்ளையின் தாத்தாவோ பாட்டியோ பழைய முறையில் கழிப்பவராயிருக்கலாம்: பதினாலில் எட்டுப் போக ஆறு, கீழே ஏழோடு ஒன்று கூட்ட எட்டு, பத்தில் எட்டுப் போக இரண்டு, ஒன்றோடு ஒன்று இரண்டு, மூன்றில் இரண்டு போக ஒன்று. விடை அதே 126. இரு எண்களிலும் ஒரே அளவைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது என்ற நியாயத்தின்மேல் நிற்கும் செம்மையான முறை அது. மளிகைக் கடைக்காரரோ 178-உடன் இரண்டு 180, இருபது 200, இன்னும் 104 என்று ஏற்றிக்கொண்டே போய் மீதியைக் கொடுத்துவிடுவார், அதுவும் சரியே. மூன்றும் உண்மையான வழிகள்தாம். ஆனால் ஒரு வழியில் காலூன்றாத பிள்ளைக்கு ஒரே மாலையில் மூன்றையும் காட்டினால், பாதி இதுவும் பாதி அதுவுமாகக் கலந்து, மேலேயும் குறைத்துக் கீழேயும் கூட்டி 26 என்று எழுதிக்கொண்டு மறுநாள் வகுப்புக்கு வரும். ஆகவே, பள்ளியில் நடக்கும் முறை எது என்று கேட்டறிந்து, பிள்ளை அதில் தேறும் வரையில் தாத்தாவின் முறையைப் பொறுத்துவையுங்கள். தேறிய பிறகு அவசியம் காட்டுங்கள், இரண்டும் ஒரே விடை தருவது கண்டு பிள்ளை பூரித்துப்போகும். டியூஷனில் 'பூஜ்ஜியம் வந்தால் ஒன்பது போடு' என்று சூத்திரமாகச் சொல்லி அனுப்புவதுதான் கொடுமை. அந்தப் பிள்ளை 314-இலும் நடுவில் ஒன்பது போடும்.

மற்ற எதிர்பார்ப்புகள் சிறியன. தேசிய அளவில் வகுத்த கற்றல் விளைவுகளின்படி 2, 3, 4, 5, 10 ஆகிய வாய்ப்பாடுகள் இந்த ஆண்டில் வர வேண்டும். அவற்றை வாயால் சொல்வதோடு, மூன்று நான்கு என்றால் மூன்று புளியங்கொட்டைகள் நான்கு வரிசை என்று பரப்பிக் காட்டவும் தெரிந்திருந்தால் வகுத்தல் தானே வரும். அரை, கால், முக்கால் என்பன சமையலறையிலேயே கிடைக்கும். கடிகாரம் பார்க்க வீட்டுச் சுவரில் முள் உள்ள கடிகாரம் ஒன்று வேண்டும்.

இப்போது என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-இல் மாநிலமெங்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. பிள்ளை தன் வேகத்தில் ஏணி ஏறலாம் என்ற கொள்கையை நான் மனமார வரவேற்றேன், கீழ்மட்டக் கரும்பலகையும், பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் வகுப்புக்கே புது உயிர் கொடுத்தன. ஆனால் நாளடைவில் எத்தனை பாட அட்டை முடிந்தது என்று எண்ணுவதே பிரதானமாகிவிட்டது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதும் நியாயமானதே. இளைய ஆசிரியர்கள் ஆடியும் பாடியும் அதை உற்சாகமாக நடத்துவதைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். எனினும் வாரத் தேர்வின் முடிவைக் கைப்பேசியில் ஏற்றும்போது 274-உம் 136-உம் 226-உம் ஒரே 'தவறு' ஆகிவிடுகின்றன. பிள்ளை என்ன நினைத்தது என்று எழுத அங்கே கட்டம் இல்லை. இதற்கிடையில் இலக்கு மாத்திரம் ஏறிக்கொண்டே போகிறது: 2017-இல் மூன்றாம் வகுப்புக்கு 999 வரையில் எண்கள் என்று வகுத்தவர்கள், 2021-இல் 9999 என்று ஆக்கினார்கள். மூன்று இலக்கத்தில் ஒரு பூஜ்ஜியத்தைத் தாண்டாத பிள்ளைக்கு நான்கு இலக்கத்தில் இரண்டு பூஜ்ஜியங்களைக் கொடுப்பது முன்னேற்றமாகுமா? ஈர்க்கு நறுக்கவும் நார் கிழிக்கவும் நேரமில்லை, காணொளியில் கட்டு அவிழ்வதைக் காட்டிவிடுகிறோம் என்று இளைய ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். காணொளியில் கட்டை அவிழ்ப்பது யாரோ. அவிழ்க்க வேண்டியது அந்தப் பிள்ளை.

எல்லாவற்றிலும் பெரிய குறை, ஜூன் மாதத்தில் வகுப்புகளைப் பங்கிடும் முறையில் இருக்கிறது. கையெழுத்து அழகாயிருப்பவருக்கு முதல் வகுப்பு, அனுபவஸ்தருக்கு ஐந்தாம் வகுப்பு என்று ஒதுக்கிவிட்டு, எஞ்சியவருக்கோ நேற்று மாறுதலில் வந்தவருக்கோ மூன்றாம் வகுப்பைத் தள்ளிவிடுகிறார்கள். ஈராசிரியர் பள்ளியிலோ அது எவர் கண்ணிலும் சரியாகப் படாமல் ஒரு மூலையில் நடக்கிறது. எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்துக்கு அஞ்சும் பிள்ளையை விசாரித்துப் பாருங்கள். பலருடைய அச்சம் மூன்றாம் வகுப்பில் அவிழ்க்கப்படாத ஒரு கட்டில் போய் முடியும். ஆகவே பெற்றோர்களே, ஜூன் மாதத்தில் பள்ளிக்குப் போகும்போது கட்டடத்தையும் கணினி அறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மூன்றாம் வகுப்பு யாரிடம் இருக்கிறது, அவர் எத்தனை ஆண்டுகளாக அந்த வகுப்பை எடுக்கிறார் என்று கேளுங்கள். பள்ளியிலேயே மூத்தவரும் பொறுமையில் சிறந்தவருமான ஆசிரியரை அந்த வகுப்புக்குத் தரும்படி தலைமையாசிரியரிடம் உரிமையோடு கேட்டுப் பெறுங்கள்.