திருத்திய மதிப்பீடு

நகராட்சி பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே நான்கு தொகைகள் இருக்கும். போன ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டுக்கு முதலில் போட்ட மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. செய்தித்தாளில் வருவது நான்காவது தொகை, மன்றத்தில் மேசை தட்டப்படுவதும் அதற்குத்தான். எனக்கு மற்ற மூன்றும் வேண்டும். கணக்குப் பிரிவில் இருந்த காலமெல்லாம் அந்தத் தொகைகளை எழுதியவன் நான். எந்த இடத்தில் பேனா தயங்கும் என்று எழுதிய கைக்குத் தெரியும்.

2020 ஏப்ரலில் ஓய்வு பெற்றேன். அதற்கு முன் நான் போட்ட கடைசி நான்கு பட்ஜெட்டுகளும் மனதில் தனியாகக் கிடக்கின்றன. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத்துக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் மன்றமே கிடையாது, தனி அலுவலரின் கையெழுத்துதான் தீர்மானம். மன்றம் இருந்த நாளில், பட்ஜெட்டுக்கு முந்தைய வாரம் வீடு திரும்ப இரவு பத்து மணியாகிவிடும். 'எங்க வார்டுக்கு இவ்வளவுதானா?' என்று கவுன்சிலர்கள் என் மேசையைச் சுற்றி நிற்பார்கள். அவர்களில் பலருக்குப் புத்தகம் புரியாது. ஆனால் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நாலைந்து தெரு நின்றது. மன்றம் இல்லாத நான்கு ஆண்டும் புத்தகத்தை உறையில் போட்டு அனுப்பினேன், கையெழுத்தாகித் திரும்பி வந்தது. ஒரு கேள்வி வரவில்லை. ஓர் ஆண்டு தெருவிளக்குப் பராமரிப்பில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருந்தது. மூன்று வாரம் கழித்து நானே பார்த்துத் திருத்தினேன். வேறு யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அன்று எனக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை.

அந்த இடைக்காலத்தில்தான் 2018-இல் சொத்து வரி ஏறியது. 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள். கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் நேர் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது, செய்தோம். ஆனால் முதல் மாதமே வரிசையில் நின்று கட்டிய ஓய்வூதியக்காரர்களின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கட்டாமல் இருந்தவர்தான் விவரமானவர் என்று ஊர் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தை மறக்கடிக்க எத்தனை பில் கலெக்டர்கள் எத்தனை வாசற்படி ஏற வேண்டியிருந்தது என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மன்றம் திரும்பிய சில வாரங்களில், 2022 ஏப்ரல் தொடக்கத்தில், மறுபடியும் உயர்வு வந்தது. வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையின் பழைய பகுதிக்கு மட்டும் இதே படிகளில் 50, 75, 100, 150. சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் அதுவரை எந்தப் பொதுச் சீராய்வும் நிலைத்திருக்கவில்லை. சொத்து வரியைச் சீராக்காத ஊருக்கு 15-ஆவது நிதிக்குழுவின் மானியம் கிடைக்காது என்ற நிபந்தனையும் கழுத்தில் இருந்தது. உயர்வு தேவைதான் என்பது என் எண்ணம். 2008-க்குப் பிறகு மின்கட்டணம், சம்பளம், குப்பை லாரியின் டீசல் எல்லாம் ஏறியதை என் கையால் எழுதியிருக்கிறேன். ஆனால் 600-க்கும் 601-க்கும் நடுவே இருக்கும் அந்தப் படி மிகக் கூர்மையானது. ஏழையின் கால் அதில்தான் தட்டும் என்று அன்றே தோன்றியது.

மன்றம் முதல் தீர்மானம் போட்டு, ஆட்சேபணைக்கு 30 நாள் கொடுத்து, அதன் பிறகே இறுதித் தீர்மானம் போட வேண்டியிருந்தது. அந்த 30 நாளில்தான் ஊர்க்காரர்களுக்கு வரியையும் பட்ஜெட்டையும் விளங்கவைக்கும் என் இப்போதைய வேலை தொடங்கியது. தெருவில் ஒரு தம்பி அச்சடித்த மனுக்களைக் கட்டாகக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். 'வரி உயர்வை உடனே கைவிட வேண்டும்' என்று எல்லாத் தாளிலும் ஒரே வாசகம். அவரை உட்கார வைத்து, உள்ளே அது என்னவாகும் என்று சொன்னேன். நூறு மனுவானாலும் பதிவேட்டில் ஒரே குறிப்புதான். 'பொருள்: உயர்வைக் கைவிடக் கோருதல். பரிசீலிக்கப்பட்டது.' நானே அப்படி எழுதியிருக்கிறேன். எழுத்தருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நூறு தாளிலும் அவர் பதில் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான், அதற்குப் பதில் சொல்லும் அதிகாரமும் அவர் கையில் இல்லை.

அந்த வாரமே பின் தெரு அம்மா ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும். பழைய ரசீதுகளை மஞ்சள் பையில் அடுக்கி வைத்திருந்தார். அரையாண்டுக்கு 480 ரூபாய் கட்டிவந்தவர். பதிவில் அவர் வீடு 640 சதுர அடி.

"தம்பி, எங்க வீடு அவ்வளவு பெருசில்ல."

டேப் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் கூரையில்லாத துணி துவைக்கிற இடத்தையும் சேர்த்து எப்போதோ யாரோ அளந்திருந்தார்கள். அதைக் கழித்தால் 582. 25 சதவீதம் என்றால் 600 ரூபாய், 50 சதவீதம் என்றால் 720. ஆண்டுக்கு 240 ரூபாய் வித்தியாசம். "பத்து நாள் பால் காசு" என்றார் அந்த அம்மா. கை வரைபடம், அளவு, பழைய ரசீது நகல், ஒரு பக்க மனு. வந்து மறுபடி அளந்தார்கள், குறைந்தது.

ஆட்சேபணையில் இரண்டு வகை உண்டு என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன். ஒன்று விகிதத்தின் மேல், அதை மன்றத்தில் பேச வேண்டும், கவுன்சிலர் வாயிலாகப் போக வேண்டும். இன்னொன்று உங்கள் வீட்டின் மேல் விழுந்த கணக்கின் மேல். அளவு, மண்டலம், குடியிருப்பா கடையா என்ற பகுப்பு, கட்டிய ஆண்டு ஆகியவை இதில் சேரும். இதற்கு டேப்பும் ரசீதும் போதும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் முதலாவது இரண்டாவதையும் இழுத்துக்கொண்டு போய் அந்த ஒற்றைக் குறிப்பில் புதைத்துவிடும்.

கட்டிய பணம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. ரசீதில் நூலக வரி என்று ஒரு பகுதி இருக்கும், சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா. நகராட்சி அதை வசூலித்துக் கொடுக்கிற கை மட்டுமே. மற்றவை மூன்று உண்டியல்களில் விழும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. ஒரு கூட்டத்தில் ஒருவர் கோபமாக எழுந்தார். "காசில்லைன்னு ரோடு போட மாட்டேங்கறீங்க, புத்தகத்துல உபரி காட்டுறீங்களே!" அவர் சொன்னது உண்மை. உபரி இருந்தது கல்வி நிதியில். அதை எடுத்துத் தெருவில் ஜல்லி கொட்ட முடியாது. அவரைத் தனியாக அழைத்து மூன்று நிதிகளின் பக்கங்களையும் காட்டினேன். அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, நகராட்சிப் பள்ளியின் கழிப்பறைக்கு ஏன் அந்தக் கல்வி நிதியைத் தொடவில்லை என்று கேட்டார். பொறியாளர் குறித்துக்கொண்டார். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

நான் அதிக நேரம் செலவழிப்பது வரவுப் பக்கத்தில். மக்கள் செலவைத்தான் புரட்டுவார்கள், ஏமாற்றம் தொடங்குவது வரவில். பற்றாக்குறை தெரியக் கூடாது என்றால் மிகச் சுலபமான வழி சொத்து வரி வசூலை ஏற்றி எழுதுவது. நிலுவை முழுவதும் இந்த ஆண்டே வந்துவிடும் என்று வைத்துக்கொண்டால் போதும், பட்ஜெட் நேராகிவிடும். கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலை மூன்று ஆண்டுக்கு எடுத்து அருகில் வைத்துப் பாருங்கள். நூறு ரூபாய் கேட்பில் எழுபது வசூலாகிற ஊர், வரும் ஆண்டு தொண்ணூற்றைந்து வரும் என்று எழுதியிருந்தால், அந்த இருபத்தைந்து ரூபாய்க்கு உறுதி சொன்ன வேலைகள் நடக்கப்போவதில்லை. சம்பளம் நிற்காது, மின்கட்டணம் நிற்காது, ஒப்பந்தக்காரரின் பில் கொஞ்சம் நிற்கும். கடைசியில் வெட்டுப்படுவது வாய்க்கால் தூர்வாருதலும் சின்னத் தெருக்களும். மார்ச்சில் பட்ஜெட் வாசிக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்கிற ஒரு குரல் எல்லா ஊரிலும் வேண்டும்.

ஆனால் மார்ச்சில் கேட்பது தாமதம். நான் இருந்த அலுவலகத்தில் நவம்பரிலேயே ஒவ்வொரு பிரிவும் தன் தேவையை எழுதித் தரத் தொடங்கும். டிசம்பருக்குள் எலும்பு கூடிவிடும், பிறகு சதை வைப்பது மட்டும்தான். பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் மக்களைக் கூட்டி முன்னுரிமை கேட்கத் தொடங்கியதும், புனே மாநகராட்சி 2006 முதல் வார்டு அலுவலகங்களில் மக்களிடம் படிவம் வாங்கிவருவதும் பட்ஜெட் அச்சுக்குப் போகுமுன் என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். நம் பக்கத்தில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, வார்டின் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தன. நாள் எனக்குப் பிடித்திருந்தது. நவம்பரில் பேசினால் அது டிசம்பர் கோப்பில் ஏறும்.

அந்த முதல் கூட்டத்துக்குப் பின் தெரு அம்மாவையும் அழைத்துப் போனேன். அவர் தெரு முனைச் சிறுபாலம் உடைந்து, மழையில் சாக்கடை வீட்டுக்குள் வரும். 'பாலம் கட்டித் தாங்க' என்று மட்டும் கேட்டால் போதாது என்று முந்தின நாள் உட்கார்ந்து எழுதினோம். எந்தத் தெரு, எத்தனை அடி நீளம், எத்தனை வீடு, எந்த நிதித் தலைப்பில் வரும், கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள். அம்மா எழுந்து நின்று, தாளைப் பார்க்காமல் அத்தனையும் சொன்னார். 2023-24 பட்ஜெட்டின் பணிகள் பட்டியலில் அந்தச் சிறுபாலம் தெருப் பெயரோடு வந்தது. பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

அடுத்த பட்ஜெட் புத்தகம் வந்ததும் வழக்கம்போல் மூன்றாவது தொகைக்குப் போனேன். சிறுபாலத்துக்கு எதிரே, திருத்திய மதிப்பீட்டில், ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. வசூல் எதிர்பார்த்தபடி வரவில்லை.

"அச்சுல இருந்துச்சே தம்பி" என்றார்.

இருந்தது. செப்டம்பரில், திருத்திய மதிப்பீடு தயாராகிற நேரத்தில், நாங்கள் போய்க் கேட்டிருக்க வேண்டும். பட்ஜெட் நிறைவேறிய நாளோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்து நான்தான் அவரிடம் சொல்லாமல் விட்டேன். இப்போது அம்மா வீட்டு நாட்காட்டியில் செப்டம்பர் முதல் திங்களையும் நவம்பர் முதல் தேதியையும் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறோம். சுவரில் ஒட்டிய பழைய நகலை அவர் கிழிக்கவில்லை. அதையும் பையில் வைத்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.