இல்லை என்னும் விடை

தேடுவோர் பெறும் விடை இரண்டே: உண்டு, இல்லை. உண்டு என்பதற்குச் சான்று கண்முன் நிற்கும். இல்லை என்பதற்கு அத்தகைய சான்று இராது. ஆதலின், இல்லை என உரைக்குமுன் ஆய்வாளர் இருமுறை எண்ணுதல் வேண்டும்.

கணினியில் சொல் தேடுவோர் பலர் கையாளும் கருவி 'கிரெப்' என்பது. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் ஆக்கிய இக்கருவி, 1973ஆம் ஆண்டு முதல் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வழங்கி வருகிறது. தேடும் சொல்லையும் கோப்பின் பெயரையும் ஒரே வரியில் கட்டளையாகத் தட்டினால், அச்சொல் பயிலும் வரிகளை எல்லாம் எடுத்துக் காட்டும். சொல் கிட்டாவிடில் ஒன்றும் கூறாது; அதன் மௌனமே மறுப்பு.

மாணவர் ஒருவர் ஒரு நூலின் கோப்பில் 'கொடை' என்னும் சொல்லைத் தேடுகிறார் என்க. சொல் திரையில் தெரிகிறது. கருவியோ வாளா இருக்கிறது. காரணம் என்ன? ஒருங்குறியில் ஒகரக் குறியை இருவகையாக எழுத இயலும். முழுவதையும் ஒரே குறியாக இடுவது ஒருவகை. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கருவியோ உருவத்தைக் காண்பதில்லை; உள்ளிருக்கும் எண்களையே ஒப்பிடுகிறது. எண் வேறாயின் சொல்லும் வேறு என்பதே அதன் கணக்கு.

வேண்டாதது வந்து சேர்வதும் உண்டு. 'தமிழ' என்று தேடினால் 'தமிழ்' என்பதும் அகப்படும். தமிழ் இலக்கணத்தில் மெய்யே முதல். அதனோடு அகரம் சேர 'ழ' பிறக்கிறது. ஒருங்குறியிலோ 'ழ' முதல். புள்ளி அதன்பின் வரும் தனிக்குறி. ஆகவே, 'தமிழ்' என்பதில் இலக்கணம் எண்ணும் எழுத்து மூன்று. கணினி எண்ணும் குறி ஐந்து.

இதற்குத் தீர்வு அரிதன்று. கோப்பில் கண்ணால் கண்ட சொல் ஒன்றை முதலில் தேடிப் பார்த்தல் நன்று. அதுவும் கிட்டாவிடில், 'ஹெக்ஸ்டம்ப்' என்னும் கட்டளையால் எழுத்துகளின் எண்களைக் காணலாம். பின்னர்க் கோப்பையும் தேடும் சொல்லையும் ஒரே வகைக் குறியீட்டுக்கு மாற்றிவிட்டால், மறைந்திருந்த சொல் வெளிப்படும்.

ஆசிரியர் இதனை மாணவர்க்கு உணர்த்துதல் கடமையாகும். 'இந்நூலில் இச்சொல் இல்லை' என்று ஒருவர் எழுதிவிட்டால், பின்வருவோர் அதனையே சான்றாகக் கொள்வர். இருந்த சொல் இல்லாததாகவே நிலைத்துவிடும். கருவி பொய் கூறுவதில்லை. கேட்ட வினாவுக்கே விடை தருகிறது. வினா சரியானதா என ஆராய்வது தேடுவோரின் பொறுப்பு.