தோழமையே மருந்து

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர். சுவரே இடிந்துவிட்டால்? போரில் அடிபட்டு, கால்கள் செயலிழந்து வீடு திரும்பும் வீரனின் நிலை இதுவன்றோ!

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்தவர்கள் பிழைப்பது அரிது என்றே கருதப்பட்டது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்க் கோளாறும் அவர்கள் உயிரைக் குடித்தன. 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இத்தகையோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன் அதன் பொறுப்பேற்றார். இரண்டு மணிக்கொருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்துப் புண் வராமல் காத்தார். உயிர் நிலைத்தது. வாழும் ஆசை? ‘இனி என்னால் யாருக்கு என்ன பயன்?’ என்ற எண்ணம் புண்ணினும் கொடியது!

அதற்கு அவர் கண்ட மருந்து விளையாட்டு. வீரர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்தே போலோ ஆடினர், கூடைப்பந்து ஆடினர், அம்பு எய்தனர். தோள்கள் வலுப்பெற்றன. அதனினும் மேலாக, பந்தைத் தன்னிடம் தரும்படி கேட்க ஒவ்வொருவனுக்கும் ஒரு தோழன் கிடைத்தான். கட்டிலில் நோயாளியாகக் கிடந்தவன் குழுவுக்கு வேண்டியவன் ஆனான்.

1948 ஜூலை 29 அன்று இலண்டன் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் அம்மருத்துவமனைப் புல்வெளியில் நடந்த வில்வித்தைப் போட்டியில் 14 ஆண்களும் 2 பெண்களும் கலந்துகொண்டனர். அனைவரும் முன்னாள் படையினர். 1960-இல் ரோமில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேர் கூடினர். திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் அவர்களைச் சந்தித்து வாழ்த்தினார். அவ்விழாவே முதல் பாராலிம்பிக் எனப் போற்றப்படுகிறது.

நம் நாட்டு வீரர் முரளிகாந்த் பெட்கர் 1965 போரில் குண்டடிபட்டவர். சிகிச்சையாகத் தொடங்கிய நீச்சலில் 1972-இல் ஹைடல்பர்க் நகரில் தங்கம் வென்றார். புனேயை அடுத்த கிர்க்கி மறுவாழ்வு மையத்திலும் முடங்கிய வீரர்கள் சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடுகின்றனர்.

எங்களுள் சிலருடைய தந்தையர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். உடலில் காயமில்லை. ஆயினும் ஊர் திரும்பிய முதல் மாதங்களில் அவர்கள் பேச்சின்றித் திண்ணையில் அமர்ந்திருந்ததை நாங்கள் அறிவோம். வாலிபால் ஆட நண்பர்கள் வந்து அழைத்துச் சென்ற பிறகே வீட்டில் பழைய சிரிப்பொலி கேட்டது. விடியற்காலை அணிவகுப்பு முதல் இரவு உணவுவரை தோழரோடே வாழ்ந்தவர்களுக்குத் தனிமையே பெரும் நோய்.

நடக்க இயலாதவனை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கியதை நற்செய்தியில் வாசிக்கிறோம். நால்வர் கூடியதால் அன்றோ அவன் அங்கு வந்து சேர்ந்தான்!

அன்புத் தோழியரே, நாட்டைக் காத்தவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். “நடந்துவிட்டு வாருங்கள் அப்பா” என்று தனியே அனுப்பாமல், “வாருங்கள் அப்பா, நாங்களும் வருகிறோம்” என்போமாக!