25 பவுண்டுக்கு ஒரு போர்பன்

லண்டனில் தமிழர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும், அது ஈஸ்ட் ஹாமோ ஹாரோவோ, ஆண்கள் கையில் ஒரு பரிசுப் பை தொங்கும். உள்ளே சதுரமாக ஒரு பாட்டில், அதில் சாய்வாக ஒட்டிய லேபிள். ஜானி வாக்கர் பிளாக் லேபிள். கொடுப்பவருக்கும் மரியாதை, வாங்குபவருக்கும் மரியாதை. அந்த விஸ்கி மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. 12 வருடம் பீப்பாயில் கிடந்த சரக்கு. ஆனால் பாதிப் பேர் அதை எடுப்பது வம்பு வேண்டாம் என்பதற்காகத்தான்.

நம் ஊர் ஆண்களுக்கு மது வாங்கிப் பழக்கம் உண்டு, தேர்ந்தெடுத்துப் பழக்கம் கிடையாது. 2003 இறுதியில் மதுவின் சில்லறை விற்பனையையும் தமிழ்நாட்டு அரசின் டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகு வளர்ந்த தலைமுறைக்குக் கடை என்றால் ஒரு கம்பி வலை, கை நுழையும் அளவுக்கு அதில் ஒரு சந்து, பின்னால் அடுக்கிய அட்டைப் பெட்டிகள். பணத்தை நீட்டி 'குவார்ட்டர்' என்றால் 180 மில்லி வரும். எந்த பிராண்ட் என்பதை அன்றைய ஸ்டாக் முடிவு செய்யும். அங்கே விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி சர்க்கரை ஆலை மொலாசஸில் வடித்த ஸ்பிரிட்டை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று லேபிள் ஒட்டி விற்கச் சட்டம் இடம் தராது. இப்படி வளர்ந்தவரை லண்டன் கடையில், தரையிலிருந்து கூரை வரை பாட்டில் நிற்கும் சுவர் முன் கொண்டுபோய் நிறுத்தினால், கை தெரிந்த முகத்தைத் தேடித்தான் போகும்.

எங்கள் தெருமுனை ஆஃப் லைசன்ஸ் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவருடையது. பால், பாண், லாட்டரிச் சீட்டு, மட்டன் ரோல், கவுண்டருக்குப் பின்னால் விஸ்கி. லண்டனில் இந்த மாதிரிக் கடைகள் பலவும் ஈழத்திலிருந்து வந்தவர்கள் கையில் இருக்கின்றன. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் அமெரிக்க விஸ்கியான போர்பன் கேட்டபோது அவர் சிரித்தார்.

"தம்பி, உங்கட ஆக்களும் சரி எங்கட ஆக்களும் சரி, கண்ணை மூடிக்கொண்டு பிளாக் லேபிள்தான் கேக்கினம். போர்பன் எண்டா பிஸ்கட் எண்டு நினைக்கினம்."

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அந்த சாக்லேட் பிஸ்கட் பிறந்ததே இந்த லண்டனில், பெர்மண்ட்சியில் இருந்த பீக் ஃப்ரீன் ஆலையில்தான். விஸ்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் போர்பன் பக்கம் போனதற்குக் காரணம் விலை. குறைந்த விலையில் ஏமாறாமல் வாங்கக்கூடிய விஸ்கி எது என்று பார்த்தால், அமெரிக்கச் சட்டம் நமக்காகப் பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்பக்கம் கரியாகச் சுட்ட புதிய ஓக் மரத்தில் ஊற வேண்டும். நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்ப்பது சட்டப்படியே சரி, போர்பனில் நீங்கள் பார்க்கும் செம்பழுப்பு முழுக்க மரம் கொடுத்தது. லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்று இருந்தால் குறைந்தது 2 வருடம் ஊறியது. 4 வருடத்துக்குக் குறைவென்றால் வயதை அச்சிட்டே ஆக வேண்டும். ஆகவே 'ஸ்ட்ரெய்ட்' என்று எழுதி, வயது எழுதாமல் விட்டிருந்தால் 4 வருடமாவது ஆகியிருக்கிறது. இது கம்பெனியின் விளம்பர வாசகம் அல்ல, மீறினால் வழக்கு வரும்.

புதிய மரம் என்பதுதான் இதில் பெரிய விஷயம். ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாக்‌ஷன் மாதிரி, பீப்பாயின் முதல் சாறு முழுக்க போர்பனுக்குப் போய்விடுகிறது. வெனிலா, கருக்கிய சர்க்கரை, லேசான இலவங்கம் எல்லாம் அதில் வருபவை. காலியான பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்து போகின்றன. இன்று ஊறும் ஸ்காட்ச்சில் பெரும்பகுதி போர்பன் குடித்து முடித்த மரத்தில்தான் ஊறுகிறது. போர்பன் பெரும்பாலும் ஊறும் கெண்டக்கியின் கோடை கடுமையானது. வெயிலில் சரக்கு மரத்துக்குள் புகுந்து, குளிரில் வெளியே வரும். அதனால் அங்கே 6 வருடத்தில் ஆவது ஸ்காட்லாந்துக் குளிரில் ஆக இன்னும் பல வருடம் பிடிக்கும். "12 வருடம்தான் ஒசத்தி" என்ற கணக்கை இங்கே கொண்டுவந்தால் செல்லாது. 15, 20 வருடம் கிடந்த போர்பன் சிலவற்றில் மரக்கசப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும், அதற்கும் காசு வாங்குவார்கள்.

இனி லண்டன் கணக்குக்கு வருகிறேன். கடைக்காரர் யாரும் இதை நமக்குச் சொல்வதில்லை. பிரிட்டனில் மதுவரி சாராய அளவின் மேல் விழுகிறது. 2025 பிப்ரவரியில் விஸ்கிக்கான வரி, சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 32.79 பவுண்டாக இருந்தது. 40 சதவீதம் உள்ள 70 சென்டிலிட்டர் பாட்டிலுக்கு அது 9.18 பவுண்டு வந்தது. பாட்டில் மட்டமானதோ உயர்ந்ததோ, அந்த 9.18 மாறாது. அதற்கு மேல் 20 சதவீதம் வாட். அந்த விகிதத்தில் கணக்குப் போடுங்கள். 16 பவுண்டு பாட்டிலில் வரிகள் போக மீதி 4.15 பவுண்டு. அதற்குள்தான் சோளம், பீப்பாய், கண்ணாடி, கப்பல், கடைக்காரர் லாபம் எல்லாம். 25 பவுண்டு பாட்டிலில் மீதி 11.65. 30 பவுண்டில் 15.82. அதாவது 16-லிருந்து 25-க்குப் போக 9 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தால் பாட்டிலுக்குள் போகும் பணம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. மிக மலிவான விஸ்கி வாங்குபவர் விஸ்கி வாங்கவில்லை, அரசாங்கத்துக்கு வரி கட்டிவிட்டு வருகிறார். சிக்கனம் பார்க்கும் நம் ஆட்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

இதே வரி இன்னொரு வேலையும் செய்கிறது. சாராய அளவு குறைந்தால் வரி குறையும் என்பதால் பல கம்பெனிகள் இங்கே சட்டம் அனுமதிக்கும் கடைசிப் படியான 40 சதவீதத்தில் நிறுத்திக்கொள்கின்றன. பஃபலோ டிரேஸ் போர்பன் அமெரிக்காவில் 45-ஆகவும், அதே பெயரில் பிரிட்டனில் நெடுநாள் 40-ஆகவும் விற்றது. மேக்கர்ஸ் மார்க் 2013 பிப்ரவரியில் சரக்குத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 45-ஐ 42-ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் போட்ட சத்தத்தில் சுமார் ஒரு வாரத்திலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று டாஸ்மாக் வாசலில் முணுமுணுத்துவிட்டுப் போகும் நமக்கு அந்தக் கதை கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. ஆகவே பாட்டிலை எடுத்ததும் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டு சதவீதத்தைப் பாருங்கள். ஒரே விலையில் 40-உம் 45-உம் இருந்தால் 45-ஐ எடுங்கள். தண்ணீரை வீட்டுக் குழாயில் சேர்த்துக்கொள்ளலாம்.

'பாட்டில்ட் இன் பாண்ட்' என்ற வாசகம் கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம். 1897-இல் அமெரிக்காவில் வந்த சட்டம் அது. மட்டமான ஸ்பிரிட்டில் கண்டதையும் கலந்து நிறமேற்றி விஸ்கி என்று விற்ற காலத்தில், அரசுக் காவலுள்ள கிடங்கில் 4 வருடம், ஒரே ஆலை, ஒரே பருவம், 50 சதவீதம் என்று வரம்பு கட்டினார்கள். இவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் அந்த வகை. லண்டனில் எல்லாக் கடையிலும் இருக்காது, தேட வேண்டும்.

தேடுவதற்கு நல்ல இடங்கள் இருக்கின்றன. சோஹோ கிரீக் தெருவில் 1964 முதல் இருக்கும் மில்ராய்ஸ் ஒன்று. இன்னொன்று விஸ்கி எக்ஸ்சேஞ்ச். ஹான்வெல்லில் 'தி நெஸ்ட்' என்று பெற்றோர் நடத்திய ஆஃப் லைசன்ஸில் வளர்ந்த சுக்கிந்தர் சிங், ராஜ்பீர் சிங் சகோதரர்கள் 1999-இல் தொடங்கியது. 2021-இல் பிரெஞ்சு நிறுவனமான பெர்னோ ரிக்கார் அதை வாங்கியது. பாலும் பத்திரிகையும் விற்ற கடைப் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று எங்கள் அண்ணையிடம் சொன்னேன். "என்ர மகன் அக்கவுண்டன்சி படிக்கிறான்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

இந்தப் பெரிய கடைகளில் ஓர் ஆபத்தும் உண்டு. மூடியில் குதிரையும் வீரனும் நிற்கும் பிளாண்டன்ஸ் பாட்டிலைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். பெயரின் 8 எழுத்துக்கும் 8 மூடி, சேர்த்தால் குதிரைப் பந்தயம். விஸ்கி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த விலையில் ஒரு பங்கு குதிரைக்குப் போகிறது. பாப்பி வான் விங்கிள் போர்பன் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது, அது குடிப்பவர்களைவிட்டு ஏலக்காரர்களிடம் போய்ப் பல காலம் ஆயிற்று.

நண்பர் வீட்டில் ஒரு சனிக்கிழமை இதைச் சோதித்தோம். அவர் சமையலறைக்குள் போய் ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, அடியில் எண் ஒட்டிக் கொண்டுவந்தார். மேசையில் மிக்சர், மட்டன் சுக்கா. ஆண்கள் எல்லாரும் குடித்துவிட்டு "ஸ்மூத்" என்றோம், அதற்குமேல் எங்களிடம் சொல் இல்லை. நண்பரின் மனைவி குடிக்கவே மாட்டார். ஆனால் ஒவ்வொன்றாக முகர்ந்தார். ஒன்றில் மூக்கை வைத்து எடுத்து, "இதுல பழுத்த வாழைப்பழம்" என்றார். திருப்பிப் பார்த்தால் ஜாக் டேனியல்ஸ். போர்பன்களோடு வேண்டுமென்றே கலந்து வைத்த டென்னஸி விஸ்கி. அந்த வாழைப்பழ வாசனை அதன் பெயர் போன அடையாளம். இன்னொன்றை, "இது மிளகு, ரசம் தாளிச்ச மாதிரி நெடி" என்றார், அது புல்லட் போர்பன். சோளத்துக்குத் துணையாக ரை தானியம் 28 சதவீதம் சேர்ப்பதால் வரும் காரம். மேக்கர்ஸ் மார்க்கில் ரைக்குப் பதில் கோதுமை. அதை முகர்ந்து, "பாயசம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தினம் தாளிப்பவர் மூக்குக்கு முன்னால் எங்கள் பத்து வருட அனுபவம் நிற்கவில்லை.

அன்றைக்குப் பிறகு என் அபிப்பிராயம் உறுதியாகிவிட்டது. முதல் போர்பன் வாங்குபவர் மேக்கர்ஸ் மார்க் வாங்கலாம், 45 சதவீதம், இனிப்பு, யாரையும் மிரட்டாது. கையில் கொஞ்சம் குறைவாக இருந்தால் ஃபோர் ரோசஸ். 40 சதவீதம்தான், ஆனால் சுத்தமான சரக்கு. சூப்பர் மார்க்கெட்டுகள் கிளப் கார்டு வைத்திருப்பவருக்கு அவ்வப்போது விலை குறைக்கும் பாட்டில்கள் இவை, அவசரப்படாமல் அந்த வாரத்துக்குக் காத்திருங்கள். வீட்டில் கறி வறுவலோ பிரியாணியோ உள்ள இரவுக்கு 50.5 சதவீத வைல்ட் டர்க்கி 101. நம் மசாலாவுக்கு முன் 40 சதவீதம் தண்ணீராகப் போய்விடும், இது தாங்கும். 2025 கணக்கில் வரியே 11.59 பவுண்டு என்பதால் விலை சற்றுக் கூடத்தான் இருக்கும், கொடுக்கலாம். ஐஸ் போடுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், கோக் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே இனிப்பாக இருப்பதற்கு எதற்கு இன்னொரு இனிப்பு?

பாட்டிலின் பின்பக்கம் யூனிட் என்று ஓர் எண் இருக்கும். 40 சதவீத பாட்டிலில் 28, வைல்ட் டர்க்கியில் 35. வாரத்துக்கு 14-ஐத் தாண்ட வேண்டாம் என்பது இங்குள்ள மருத்துவர்களின் அறிவுரை. ஒரு பாட்டில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்காவது வர வேண்டும். காரில் வந்த விருந்தாளிக்கு, அவர் எவ்வளவு கேட்டாலும், தயவுசெய்து ஊற்றாதீர்கள்.