எந்த மொழி தெரிந்தவர் வேண்டும்?

ஜொகூர் பாருவில் வேலை தேடி அலைந்தவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமாகியிருக்கும்: மாண்டரின் பேசத் தெரிந்திருக்க வேண்டும். சீன வாடிக்கையாளர்களை நம்பி நடக்கும் கடைக்கு அது நியாயம்தான். கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்கும் அதையே கேட்டால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எரிச்சல் வராதா? அரசு வேலைக்குப் போனால் இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்த் தேர்ச்சி வேண்டும். பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போனால் ஆங்கிலம். இப்படியே வளர்ந்த எனக்கு, விக்கிமீடியா அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஆளெடுக்கும்போது என்ன மொழி கேட்க வேண்டும் என்பது பழகிய கேள்வி.

விக்கிப்பீடியா 300க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. எழுதுவோர் தன்னார்வலர்கள், அவர்களுக்குத் துணைநிற்கும் அறக்கட்டளையில் இருப்போர் சம்பளக்காரர்கள். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு 2003இல் அடித்தளமிட்ட இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர்; வேலை பார்த்தது அபுதாபியில். பல நாட்டுத் தமிழர்கள் கைகொடுக்க, 2017இல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. இப்படிச் சிதறிக் கிடப்பவர்களோடு பழகும் ஊழியருக்கு நல்ல ஆங்கிலம் மட்டும் போதுமா?

ஆங்கிலமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தமிழரும் ஜப்பானியரும் இந்தோனேசியரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பொதுமொழி வேண்டும். 2023 ஆகஸ்டில் விக்கிமேனியா மாநாடு நமக்கு அக்கரையில், சிங்கப்பூரில் கூடியபோதும் பெரும்பாலும் ஆங்கிலமே அந்த வேலையைச் செய்தது. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. சரளமாகப் பேசுகிறவர் கூட்டத்தை நடத்திவிடுவார். திணறுகிறவர் தலையாட்டிவிட்டு எழுந்து போவார். அந்தத் தலையாட்டல் சம்மதமென்று கூட்டக் குறிப்பில் ஏறிவிடும். சம்பளத்துக்கு இருப்பவராவது முணுமுணுத்துக்கொண்டு மறுநாளும் வருவார். தன்னார்வலர் புகார்கூடச் சொல்லமாட்டார், வருவதை நிறுத்திக்கொள்வார். ஏன் நின்றார் என்று கேட்கவும் அவர் மொழி தெரிந்த ஆள் இருக்காது.

இன்னொரு மொழியில் திணறிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இங்கே மலேசியாவில் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப்பள்ளியில் மலாய். மலாய் போதாதென்று புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்படி வந்தவர் எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா என்று இன்னொரு தடவை கேட்பார், நிதானமாகப் பேசுவார், எழுதியும் கொடுப்பார். இந்தப் பழக்கத்தை எந்தச் சான்றிதழும் காட்டாது.

ஆனால் வேலை விளம்பரங்களில் இரண்டாவது மொழிக்குக் 'கூடுதல் தகுதி' என்று கடைசி வரியில்தான் இடம். வேலையில் சேர்ந்த பிறகோ, தமிழ் பேசும் வாடிக்கையாளர் வந்தால் அந்த ஊழியரைத்தான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் அதற்கு ஒரு காசு ஏறாது. ஜொகூர் பாரு அலுவலகங்களில் இது அன்றாடக் கதை.

தன்னார்வலர்களோடு பழகும் வேலைக்கு இரண்டாவது மொழியைக் கட்டாயமாக்க வேண்டும், நேர்காணலில் அந்த மொழியிலும் பேசிப் பார்க்க வேண்டும், அதற்குச் சம்பளமும் தர வேண்டும் என்பதே என் கட்சி. ஒரே மொழி தெரிந்தவர் கணக்குப் பிரிவில் தாராளமாக இருக்கட்டும்.